வந்த செய்தியை விசாரித்தறிக



மார்க்கப் பாடத்திற்கென்று ஒதுக்கப்பட்ட இப்பகுதியில் இம்முறை ஒரு கடிதத்தைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. தபால்காரர் கொண்டுவந்த கடிதமன்று. கைப்பேசியிலே வந்து விழுந்த மின்னஞ்சல். மார்க்கப் பாடத்தில் இதற்கென்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். பொறுமையுடன் வாசித்துவிட்டுப் பின்னர் வினவும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நமது சங்கத்தோடு நெடுநாள் தொடர்புடைய சகோதரி ஒருவர். கணவர் மவுத்தாகிப் பல ஆண்டுகளாகின்றன. பலகாரம் செய்து விற்றும், பிள்ளைகள் கொடுப்பதில் மிச்சம் பிடித்தும் ஹஜ்ஜுக்கென்று பணம் சேர்த்து வந்தார். ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தவருக்கு மின்னஞ்சல் ஒன்று வந்தது. மேலே கஃபாவின் படம், ஆரம்பத்தில் ஸலாம், பிழையில்லாத நல்ல தமிழ். இவ்வாண்டு ஹஜ்ஜுக்குத் தேர்வான ஒருவர் நோய்வாய்ப்பட்டதால் ஓர் இடம் காலியாகியிருக்கிறது. பட்டியலில் அடுத்த பெயர் தங்களுடையது. இன்று மாலை 6 மணிக்குள் 4,800 வெள்ளி முன்பணம் கட்டினால் இடம் உறுதி. காத்திருப்போர் பலர் இருப்பதால் இதனை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அதில் கண்டிருந்தது. கீழே ஒரு வங்கிக் கணக்கு எண். அஸருக்கு பாங்கு சொல்லுமுன்பே பணத்தை அனுப்பிவிட்டார். அன்றிரவு ஷுக்ருடைய தொழுகை தொழுது அழுததாகச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து விசாவுக்கென்று 1,500 வெள்ளி கேட்டு வந்தது. அதையும் அனுப்பினார். அதன்பின் பதிலில்லை. விஷயம் புரிந்த பிறகும் 19 நாள் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நம்மிடம் வந்து சொன்னபோது, "ஏன் ராத்தா, அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டோம். "எப்படித் தம்பி சொல்வது? ஹஜ்ஜுப் பணத்தைத் தொலைத்தவள் என்று பிள்ளைகள் முகத்தை எப்படிப் பார்ப்பது?" என்றார். பணம் போயே போய்விட்டது. பெயரைப் போடாமல் எழுதுங்கள், இன்னொருவராவது பிழைக்கட்டும் என்று அவரே சொன்னதனால் எழுதுகிறோம்.

படிப்பறிவு குறைந்த ஒரு கிழவிதானே ஏமாந்தார் என்று எண்ணுகிறவர்கள் இதையும் கேட்கவேண்டும். 2024 ஜூலை மாதம் 15ஆம் தேதி சிங்கப்பூரிலுள்ள ஒரு சரக்கு வியாபாரக் கம்பெனிக்கு, அது வழக்கமாகக் கொள்முதல் செய்யும் இடத்திலிருந்து வந்ததுபோல ஒரு மின்னஞ்சல் வந்தது. தரவேண்டிய பாக்கியைத் தீமோர் லெஸ்தேயிலுள்ள புதிய வங்கிக் கணக்குக்கு அனுப்புக என்பதே விஷயம். அனுப்பியவரின் முகவரி உண்மையான முகவரியைப் போலவே இருந்தது. எழுத்துக்கூட்டலில் மட்டும் சிறு வித்தியாசம். 19ஆம் தேதி கம்பெனி அந்தக் கணக்குக்கு அனுப்பிய தொகை 4 கோடியே 23 லட்சம் அமெரிக்க டாலர்! உண்மையான வியாபாரி, பணம் இன்னும் வரவில்லையே என்று கேட்டபோதுதான் மோசம் வெளிப்பட்டது. கணக்கப்பிள்ளைகளும் படித்த அதிகாரிகளும் நிறைந்த இடத்தில் நடந்தது இது. அந்தக் கம்பெனி பின்னர் என்ன செய்தது என்பதைக் கீழே சொல்வோம். நம் சகோதரியின் கதைக்கும் அதற்குமுள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

மார்க்கம் இவ்விஷயத்தில் என்ன சொல்கிறது?

திருக்குர்ஆனில் 49ஆவது அத்தியாயம் சூரத்துல் ஹுஜுராத். அதன் 6ஆவது ஆயத்தில், தீயவன் ஒருவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளும்படி மூமின்களுக்குக் கட்டளையிடப்படுகிறது. விசாரியாமல் செயல்பட்டுப் பிறருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்று காரணமும் கூறப்படுகிறது. இது இறங்கிய சந்தர்ப்பத்தைத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் பாதி வழியிலேயே திரும்பிவந்து, அவர்கள் ஜகாத் கொடுக்க மறுத்துத் தம்மைக் கொல்ல வந்ததாகச் சொல்லிவிட்டார். மதீனாவில் கோபம் மூண்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ அவசரப்படவில்லை. காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களை அனுப்பி, பதறாமல் உண்மையை அறிந்துவரும்படி பணித்ததாக ஓர் அறிவிப்பு கூறுகிறது. போய்ப் பார்த்தால் அந்த ஊரில் பாங்கோசை கேட்கிறது, மக்கள் தொழுதுகொண்டிருக்கிறார்கள்! சொன்னவரிடமே மீண்டும் கேட்டு உண்மையைத் தெரிந்துகொள்ளவில்லை. வேறோர் ஆள், வேறொரு வழியாகப் போய்க் கண்ணால் பார்த்துவந்தார் என்பதைக் கவனித்தல் வேண்டும். பாடத்தின் உயிர்நாடி இதுவே.

ஒரு சகோதரர் ஜும்ஆவுக்குப் பின் நம்மைத் தடுத்து நிறுத்தி, "ஹஜ்ரத், மூமின் மற்றவர்மீது நல்லெண்ணம் கொள்ளவேண்டும் என்று நீங்கள்தானே பயான் செய்தீர்கள்? இப்போது வருகிற கடிதத்தையெல்லாம் சந்தேகப்படு என்கிறீர்களே?" என்றார். நல்ல கேள்விதான். வீண் சந்தேகங்களைத் தவிர்த்துக்கொள்ளும்படி கட்டளையிடும் ஆயத்தும் அதே சூராவில்தான் இருக்கிறது, 12ஆவது ஆயத்து. விசாரிக்கச் சொன்ன ஆயத்துக்கும் இதற்கும் இடையே ஐந்து ஆயத்துகளே உள்ளன. ஒன்றுக்கொன்று முரணானால் இப்படி அருகருகே வந்திருக்குமா? சந்தேகம் என்பது விசாரியாமலே ஒருவனைக் கள்ளன் என்று முடிவு கட்டுவது. விசாரணை என்பது முடிவு கட்டுவதற்கு முன் உண்மையைத் தேடுவது. இன்னும் சொன்னால், விசாரியாமல் நம்புகிறவனும் விசாரியாமல் பழிக்கிறவனும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். நேர்மையான வியாபாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "இக்கடிதம் நீங்கள் எழுதியதுதானா?" என்று கேட்டால் அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொண்டால் அங்கே ஏதோ கோளாறு இருக்கிறது.

முத்திரையும் மேலுறையும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அயல்நாட்டு மன்னர்களுக்கு நிருபங்கள் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் வாசிப்பதில்லை என்று சொல்லப்பட்டது. அதன்பேரில் வெள்ளி மோதிரம் ஒன்று செய்வித்துத் தமது திருநாமத்தை அதில் பொறிப்பித்தார்கள். அதே வாசகத்தை வேறு யாரும் தம் மோதிரத்தில் பொறித்துக்கொள்ளலாகாது என்று தடுத்தும் வைத்தார்கள். இவை ஸஹீஹான ஹதீஸ்களில் வருகின்றன. முத்திரை ஒருவர் கையில் மட்டும் இருக்கும்வரைதான் அது முத்திரை. ஊரெல்லாம் செய்துகொண்டால் அது வெறும் படம்.

இன்றைய மின்னஞ்சலின் மேல் காணப்படும் வங்கிச் சின்னமும், அரசாங்க இலச்சினையும், கஃபாவின் படமும் அப்படிப்பட்ட வெறும் படங்களே. ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் ஐந்து நிமிஷத்தில் நகலெடுத்து ஒட்டிவிடுவான். அனுப்பியவர் பெயரும் அவ்வாறே. தபால் உறையின் பின்புறம் அனுப்புநர் என்று யார் பெயரையும் எழுதலாமல்லவா? மின்னஞ்சலிலும் பெயர் எழுதும் இடத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். பெயரைத் தொட்டால் அதன் பின்னேயுள்ள உண்மையான முகவரி தெரியும். நம் சகோதரிக்கு வந்த கடிதத்தில் பெயர் என்னவோ பெரிய ஹஜ் காரியாலயத்தின் பெயர். தொட்டுப் பார்த்தபோது, எவரும் இலவசமாகத் திறக்கக்கூடிய ஒரு முகவரியும் அதில் அர்த்தமற்ற சில எழுத்துகளும் எண்களுமே இருந்தன.

முகவரியை வாசிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறோம். நம் முன்னோர் அரபுத்தமிழ் வாசித்ததுபோல வலமிருந்து இடமாக வாசியுங்கள்! வேடிக்கையாகச் சொல்லவில்லை. இணைய முகவரியில் வீட்டுக்காரன் பெயர் வலக்கோடியில்தான் இருக்கும். முதலில் வரும் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின்னர், அடுத்த ஒற்றைச் சாய்கோடு எங்கே வருகிறதோ அங்கே நின்றுகொண்டு இடப்பக்கமாக வாருங்கள். கடைசியிலுள்ள "காம்" அல்லது "காம் புள்ளி எஸ்ஜி" அல்லது "காம் புள்ளி எம்ஒய்" போன்ற வாலுக்கு உடனே முன்னால் நிற்கும் சொல்தான் சொந்தக்காரன். அதற்கும் இடப்பக்கத்தில் வங்கியின் பெயரை ஆயிரம் தடவை எழுதியிருந்தாலும் அதனால் ஆவதொன்றுமில்லை. வாடகை வீட்டு வாசலில் நவாப் என்று பலகை மாட்டியதுபோலத்தான். மின்னஞ்சல் முகவரியிலும் நடுவேயுள்ள சுழிக்குறிக்குப் பின்னால் வருவதையே இப்படி வாசிக்கவேண்டும். சிங்கப்பூர் அரசாங்கக் காரியாலயங்களின் முகவரிகள் "கவ் புள்ளி எஸ்ஜி" என்றும், மலேசிய அரசாங்கத்துடையவை "கவ் புள்ளி எம்ஒய்" என்றும் முடியும். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றால் எம் போலத் தோன்றும். எல் என்ற எழுத்தும் 1 என்ற எண்ணும் இரட்டைப் பிள்ளைகள். ஓ என்ற எழுத்தும் பூஜ்யமும் அப்படியே. தீமோர் லெஸ்தே விவகாரத்தில் கோடிக்கணக்கான டாலரைக் கொண்டுபோனது இத்தகைய ஓரெழுத்து வித்தியாசமே.

இவ்வளவும் பார்த்து முகவரி சரியாகவே இருந்தாலும் அதனோடு நின்றுவிடலாகாது. உண்மையான முகவரியின் கடவுச்சொல்லைத் திருடி உள்ளே புகுந்துகொண்டு, அங்கிருந்தே எழுதுகிற கள்ளர்களும் இருக்கிறார்கள்.

ஈரத்தைத் தேடுதல்

சந்தையில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்துபோன நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே பரப்பியிருந்தான் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்கிறவன் தம்மைச் சார்ந்தவனல்லன் என்று கண்டித்தார்கள். இந்த ஹதீஸை வியாபாரிகளுக்கு எச்சரிக்கையாகவே பெரும்பாலும் பயான் செய்கிறோம். வாங்குகிறவனுக்கும் இதில் பாடமுண்டு: மேலே காய்ந்திருப்பதைப் பார்த்துத் திருப்தியடையாமல் கையை உள்ளே விட்டுப் பார்க்கவேண்டும்.

முன்பெல்லாம் மோசடிக் கடிதத்தை அதன் பிழைகளைக் கொண்டே கண்டுகொள்ளலாம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்த அடையாளம் இப்போது உதவாது. செயற்கை அறிவைக் கொண்டு கள்ளனும் நல்ல தமிழில், நல்ல மலாயில், நல்ல ஆங்கிலத்தில் எழுதுகிறான். ஸலாம் சொல்கிறான், துஆ செய்கிறான். ஆகவே மொழியைப் பாராமல், கடிதம் நம்மை என்ன செய்யச் சொல்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். ஈரம் அங்கேதான் இருக்கும். அவசரப்படுத்துகிறதா? இரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறதா? பணத்தையோ, கடவுச்சொல்லையோ, கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையோ கேட்கிறதா? ஓர் இணைப்பைத் தொடும்படியோ, ஏதேனும் ஒரு கோப்பைத் திறக்கும்படியோ வற்புறுத்துகிறதா? இவற்றுள் ஒன்று இருந்தாலே கையில் ஈரம் பட்டதாகக் கொள்ளலாம். அவசரமும் இரகசியமும் சேர்ந்து வந்தால் வேறு ருசு தேவையில்லை. யோசிக்க நேரம் கொடுக்காமலிருப்பதற்கு அவசரம். யோசனை சொல்ல ஆள் இல்லாமலிருப்பதற்கு இரகசியம். சகோதரியிடம் "மாலை 6 மணிக்குள்" என்றும் "யாரிடமும் சொல்லாதீர்" என்றும் ஏன் எழுதினான் என்பது இப்போது விளங்கும். அன்று மாலை அவர் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இந்தத் தந்திரம் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், ஸ்பெயின் நாட்டுச் சிறையில் ஒரு செல்வந்தன் அடைபட்டிருக்கிறான், அவனை மீட்கச் சிறிது பணம் அனுப்பினால் பெரும் புதையலில் பங்கு கிடைக்கும், இது இரகசியம் என்று கடிதங்கள் போயின. 1980களில் நைஜீரியாவிலிருந்து அதே கதை தபாலிலும், பின்னர் பேக்ஸிலும் கிளம்பிற்று; அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவின் கீழ் வருவதால் 419 மோசடி என்று உலகமெங்கும் பெயர். நம் பக்கத்தில் ஏமாற்றுக்காரனை 420 என்போம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் எண் அது. சிங்கப்பூர், மலேசியத் தண்டனைச் சட்டங்களிலும் வஞ்சகத்துக்கு அதே எண்தான். இந்தியாவில் 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்து அப்பிரிவு 318 ஆகிவிட்டது. எண் மாறினாலும் ஆசாமி மாறவில்லை!

நம்மவர்க்கு வருகிற வகைகள்

ஹஜ், உம்ரா பெயரால் வருபவையே நம்மை அதிகம் தைக்கின்றன. இடம் குறைவு, ஆசை பெரிது. கள்ளனுக்கு அதுவே வசதி. சிங்கப்பூருக்கு அண்மை ஆண்டுகளில் ஒதுக்கப்பட்ட ஹஜ் இடங்கள் 900, மலேசியாவுக்கு 31,600. வரிசையோ பல ஆண்டுகள் நீளும். சிங்கப்பூரில் ஹஜ்ஜுக்குப் பதிவு செய்வது முயிஸ் நிறுவனத்தின் மைஹஜ்எஸ்ஜி தளத்தில். பயணத்தை ஏற்று நடத்துவோர் முயிஸ் அங்கீகரித்த ஏஜெண்டுகள் மட்டுமே. மலேசியாவில் தாபுங் ஹாஜி அலுவலகம். வரிசையை முந்திக்கொண்டு இடம் வாங்கித் தருவதாகக் கடிதம் எழுதுகிறவன் உண்மை சொல்வதாகவே வைத்துக்கொள்வோம்; அப்போதும் அது இன்னொரு ஹாஜியின் முறையைப் பறிப்பதல்லவா? அந்த இடத்தில் போய் ஹஜ்ஜு செய்ய மனம் எப்படி ஒப்பும்?

தர்மத்தின் பெயரால் வருவது அடுத்தது. ரமலானிலும், எங்காவது பூகம்பம், போர் என்று செய்தி வரும்போதும் இவை பெருகும். அழுகிற குழந்தையின் படத்தைப் பார்த்ததும் நம் கை தானாகப் பைக்குள் போகிறது. போகட்டும்; ஆனால் கொடுக்கிற இடம் தெரிந்து கொடுக்கவேண்டும். வெளிநாட்டுத் தர்ம காரியத்துக்காகச் சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி திரட்டுவோர் அறநிறுவன ஆணையாளரிடம் அனுமதி பெற்றிருக்கவேண்டும். தனி மனிதர் ஒருவர் பெயரிலுள்ள கணக்குக்கு ஜகாத்தை அனுப்பச் சொன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வங்கியிலிருந்து வந்ததுபோல வருபவற்றுக்குச் சிங்கப்பூரில் ஒரு சுலபமான சோதனை உண்டு. 2021 டிசம்பரில் ஓ.சி.பி.சி. வங்கியின் பெயரால் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பி இணைப்பைத் தொட்டவர்களில் ஏறக்குறைய 790 பேர் 1 கோடியே 37 லட்சம் வெள்ளி இழந்தார்கள். அதன் விளைவாக 2022 ஜனவரியில், வாடிக்கையாளருக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் தொடக்கூடிய இணைப்புகளை வங்கிகள் நீக்கிவிடவேண்டுமென்று நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் அறிவித்தன. ஆகையால் உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, இங்கே தொடுக என்று வந்தால் தொடாமல், வங்கி அட்டையின் பின்புறத்திலுள்ள எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

வாலிபர்களுக்கு வேறொரு வகை வருகிறது. இதைச் சபையில் பேசக் கூசுவதனாலேயே எழுதுகிறோம். "உன் கணினியில் புகுந்துவிட்டேன், நீ பார்த்த அசிங்கங்களை உன் காமிராவிலேயே படம் பிடித்திருக்கிறேன், பிட்காயின் அனுப்பாவிட்டால் குடும்பத்துக்கு அனுப்புவேன்" என்று மிரட்டி, அத்தாட்சியாக அவனுடைய பழைய கடவுச்சொல் ஒன்றையும் எழுதியிருப்பான். அந்தக் கடவுச்சொல் எங்கோ ஓர் இணையதளத்திலிருந்து களவு போன பட்டியலில் கிடைத்தது. ஒரே கடிதத்தை லட்சக்கணக்கானோருக்குப் பெயர் மாற்றி அனுப்புகிறான்; படம் கிடம் ஒன்றும் அவனிடம் இருப்பதில்லை. காசு அனுப்பாதே, பதிலும் எழுதாதே. அந்தக் கடவுச்சொல்லை எங்கெல்லாம் வைத்திருக்கிறாயோ அங்கெல்லாம் மாற்றிவிடு. பெற்றோரும் இதை வாசித்து வைத்தால், மகன் முகம் வாடியிருக்கும் நாளில் அதட்டாமல் கேட்கத் தோன்றும்.

கடை வைத்திருக்கும் முதலாளிமார்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. சரக்கு அனுப்புகிறவர் திடீரென்று வங்கிக் கணக்கை மாற்றிவிட்டதாக எழுதினால், அக்கடிதத்தில் கொடுத்திருக்கும் எண்ணைக் கூப்பிடாதீர்கள். அதை எடுப்பவனும் கள்ளனாகவே இருப்பான். உங்கள் பழைய பேரேட்டில் உள்ள எண்ணைக் கூப்பிட்டு, பழகிய குரலைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இதற்குப் பத்து நிமிஷம் போகும். முதலாளி பெயரில் "உடனே பணம் அனுப்பு, கூட்டத்தில் இருக்கிறேன், கூப்பிடாதே" என்று கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு வரும் கடிதமும் இந்த ஜாதிதான். முதலாளியிடம் திரும்பக் கேட்டால் திட்டு விழும் என்று பயப்படுகிற பையன் கட்டாயம் ஏமாறுவான். அவன் கேட்கும்படி இடம் கொடுக்கவேண்டியது முதலாளியின் பொறுப்பு.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறோம். சும்மா இருக்கும் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடுத்தால் சில நூறு வெள்ளி கிடைக்கும் என்று நம் பிள்ளைகளை அழைக்கும் கடிதங்களும் வருகின்றன. அந்த ஹஜ்ஜுப் பணம் போய் விழுந்தது அப்படி வாடகைக்கு விடப்பட்ட ஒரு கணக்கில்தான். பாவத்திலும் பகைமையிலும் ஒருவருக்கொருவர் துணைபோவதைச் சூரத்துல் மாயிதாவின் 2ஆம் ஆயத்து தடுக்கிறது. சட்டமும் தண்டிக்கிறது. எனக்கொன்றும் தெரியாது என்று நீதிமன்றத்தில் சொன்னால் போதாது.

போய்விட்டால் என்ன செய்வது?

அந்தச் சரக்குக் கம்பெனி என்ன செய்தது? மோசம் தெரிந்ததும் ஜூலை 23ஆம் தேதி போலீசில் புகார் கொடுத்தது. வெட்கப்பட்டுக்கொண்டு மூடி வைக்கவில்லை. சிங்கப்பூர்ப் போலீஸ் இன்டர்போல் மூலமாகத் தீமோர் லெஸ்தேயோடு தொடர்புகொள்ள, 25ஆம் தேதி 3 கோடியே 90 லட்சம் டாலர் அந்தக் கணக்கிலேயே தடுத்து நிறுத்தப்பட்டது. பின்னர் அங்கே ஏழு பேர் கைதாகி, மேலும் 20 லட்சத்துக்கு மேல் மீட்கப்பட்டது. ஏமாந்தது உண்மை, ஆனால் தெரிந்தவுடன் வாய் திறந்தார்கள். நம் சகோதரி 19 நாள் பொறுத்தார். களவுப் பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. கைமாறிக் கைமாறி நாடு தாண்டிவிடும். சொல்வதில் தாமதமாகிற ஒவ்வொரு மணி நேரமும் கள்ளனுக்கு ஆதாயம்.

ஆகவே முதலில் வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். மலேசியாவில் இருப்போர் 997 என்ற எண்ணைக் கூப்பிடலாம். 2022 அக்டோபரில் ஏற்பட்ட தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. சிங்கப்பூரில் 1799 என்பது ஸ்கேம்ஷீல்டு உதவி எண். இரவும் பகலும் ஆள் இருக்கிறார்கள், ஏமாறுவதற்கு முன்னால், ஒரு கடிதத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்கவும் கூப்பிடலாம். பிறகு போலீஸ் புகார். கடிதத்தை அழித்துவிடாதீர்கள், அதுவே சாட்சி. கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டிருந்தால் உடனே மாற்றவேண்டும். மலேசியச் சகோதரர்கள் பணம் அனுப்புமுன் அந்நாட்டுப் போலீசாரின் "செமாக் மியூல்" தளத்தில் கணக்கு எண்ணைப் போட்டு, அதன்மேல் முன்னமே புகார் உண்டா என்று பார்க்கலாம். புகார் இல்லை என்று வந்தால் மட்டும் அது நல்ல கணக்கு என்று அர்த்தமாகாது. கொஞ்ச நாள் கழித்து, போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் செலுத்துக என்று வக்கீல் பெயரிலோ போலீஸ் பெயரிலோ இன்னொரு கடிதம் வரக்கூடும். அதே கள்ளன்தான்.

2024இல் சிங்கப்பூரில் மட்டும் மோசடிகளால் போன பணம் 110 கோடி வெள்ளிக்குக் குறையாது என்று போலீஸ் கணக்குச் சொல்கிறது, 51,501 புகார்கள். அவற்றில் பெரும்பாலானவை பணத்துக்குரியவரே தம் கையால் அனுப்பியவை. இத்தனை பேரும் முட்டாள்களா? ஏமாந்தவரைப் பார்த்து "இதுகூடத் தெரியாதா?" என்று சிரிக்கிற பழக்கம் நம் கடைத்தெருவிலும் உண்டு, பள்ளிவாசல் திண்ணையிலும் உண்டு. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் அந்த 19 நாளும் போயிற்று. சிரித்தவர்களுக்கும் அந்த நஷ்டத்தில் பங்கிருக்கிறது என்றே நாம் கருதுகிறோம். மோசம் போனவர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால், ஏன் அனுப்பினாய் என்று கேட்பதற்கு முன் எப்போது அனுப்பினாய் என்று கேளுங்கள்; கேட்டுக்கொண்டே தொலைபேசியைக் கையில் எடுங்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் அஸருக்குப் பின் மஃரிபு வரை சங்கக் கட்டடத்தில் இரண்டு வாலிபர்கள் இதற்கென்று அமர்ந்திருப்பார்கள். பெண்களுக்குத் தனியிடம் உண்டு. மேலே சொன்ன ராத்தா அங்கே இருப்பார். சந்தேகமான கடிதம் எதுவாயினும், பதில் எழுதாமல், எதையும் தொடாமல், கைப்பேசியோடு கொண்டுவந்து காட்டுங்கள். கடவுச்சொல்லையும் ஒருமுறை எண்ணையும் எங்கள் பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டாம். அவர்கள் கேட்டால், நிர்வாகியிடம் புகார் செய்யுங்கள்.